வாரம் ஒரு சொல், ஆளுக்கு ஒரு படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நாலு வருஷமாக நண்பர்கள் பதினொரு பேர் சேர்ந்து, வாரம் ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு படம் எடுத்துப் பகிர்ந்து வருகிறோம். கோயிலில், சந்தையில், மெட்ரோவில் எங்கே பார்த்தாலும் யாராவது இதைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

மிஸ், இதுல வாரா வாரம் என்னதான் செய்யணும்?

ஞாயிறு சாயங்காலம் ஒரு சொல் வரும். அடுத்த சனி இரவு பத்து மணிக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். படத்தின் கீழே தமிழில் ஒரு வரி. ஞாயிறு காலை எல்லோரும் நிதானமாகப் பார்த்துப் பேசுவோம். சாயங்காலம் அடுத்த சொல் வந்துவிடும்.

ஒரே ஒரு படம் என்பதில் மட்டும் கண்டிப்பு உண்டு. நாற்பது எடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அதில் எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பாதி வேலை அந்த முடிவில்தான் இருக்கிறது.

எங்கிட்ட நல்ல கேமரா இல்லை, போன்தான் இருக்கு. பரவாயில்லையா?

எங்கள் பதினொரு பேரில் ஒன்பது பேர் போன்தான். முதலில் லென்ஸைத் துடையுங்கள். காத்தோ பிமான் (மிளகாய் போட்டுப் பொரித்த பருப்பு வடை) சாப்பிட்ட கையோடு போனைத் தொட்டால் எண்ணெய் படிந்து படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். பருத்தித் துணியில் ஒரு தடவை துடைத்தாலே போதும், பலருடைய ‘கேமரா கோளாறு’ அதோடு தீர்ந்திருக்கிறது.

அப்புறம், திரையில் எது முக்கியமோ அதன் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்கிப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் போன் தானாக எடுத்தால் வெளிச்சம் கூடிப்போய் வெள்ளைச் சட்டை, சுண்ணாம்புச் சுவர் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். விரலால் பெரிதாக்கி எடுக்காதீர்கள். நாலு அடி நடந்து பக்கத்தில் போய் எடுங்கள்.

தலைப்பு ஏன் ஒரே ஒரு சொல்? “கடற்கரைக் காட்சி”ன்னு தெளிவா சொன்னா என்ன?

ஆரம்பத்தில் அப்படித்தான் கொடுத்தோம். “கடற்கரைக் காட்சி” என்றதும் ஒன்பது பேர் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் சூரியன் மறைவதை அனுப்பினார்கள். படங்கள் அழகுதான். ஆனால் ஒன்பதில் எது யாருடையது என்று எடுத்தவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு வாரம் “திரை” என்று கொடுத்தேன். ஒருவர் வீட்டு ஜன்னல் திரைச்சீலையை எடுத்தார். இன்னொருவர் மெட்ரோவில் எதிர் இருக்கைப் பெண்ணின் முகத்தில் படிந்திருந்த போன் திரையின் நீல வெளிச்சத்தை எடுத்தார், அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான். மூன்றாமவர் தெற்கே சுய்யாக் பக்கம் கிரி கிரிக்குப் போனார். தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளப்பாறை வேலி உண்டு, அலை அதில் மோதி உடைந்து கரைக்குச் சாதுவாக வரும். கிரி கிரியில் அந்த வேலி இல்லை. கடல் நேராகப் பாறையில் வந்து அறைகிறது. கீழே அவர் எழுதிய வரி: “திரைகடல் ஓடியும் திரவியம் தேடு.” திரை என்றால் அலை என்று எங்களில் நாலு பேருக்கு அன்றுதான் தெரிந்தது. பழமொழியைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்தவர்கள்தான் அந்த நாலு பேரும்.

கடைசியாகச் சனி இரவு ஒன்பதே முக்காலுக்கு எழுபது வயதைத் தாண்டிய அத்தை ஒருவர் அனுப்பினார். அவருடைய வலது கையின் புறங்கை. சமையலறை ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு சுருக்கத்திலும் மெல்லிய நிழல் நின்றது. மோதிர விரலடியில் மஞ்சள் கறை, நகத்தோரம் ஒட்டிய கொஞ்சம் மாவு. கீழே, “நரை வந்து பத்து வருஷம். இது திரை.” தோல் சுருக்கத்துக்கும் திரை என்றுதான் பேர். அன்றிலிருந்து தலைப்பு ஒரு சொல்தான், அதுவும் முடிந்தவரை பல பொருள் உள்ள சொல். படம் எடுப்பவர் சொல்லுக்குள் தேட வேண்டியிருக்கிறது. தேடும்போது வீட்டையும் தெருவையும் வேறு மாதிரி பார்க்கிறார். நான் இந்த விளையாட்டை விடாமல் நடத்துவதற்குக் காரணம் இதுதான்.

எனக்குத் தமிழ் எழுத வராது. கிரியோல்ல எழுதினா ஒத்துக்குவீங்களா?

ஒத்துக்கொள்வோம். இங்கே எல்லோரும் தினமும் பேசுகிற கிரியோலில் எழுதுங்கள், குழுவில் யாராவது கீழே தமிழில் போடுவார்கள். அதைப் பார்த்துக் கையால் ஒரு தடவை எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழைக்காக யாரையும் நிறுத்தி வைத்ததில்லை.

ஒரு வாரம் சொல் “இலை”. “எனக்குத் தமிழே தெரியாது” என்று சொல்லிக்கொண்டே ஒரு தோழி சந்தைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கீரைக்கட்டுகளை எடுத்து, கிரியோலில் மூன்று பேர்களை எழுதினார்: ப்ரெட் மூரூம், கரிபூலே, கொத்தொமிலி. நான் கீழே முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று எழுதினேன். அவர் வீட்டில் தினமும் பேசிக்கொண்டிருந்தது தமிழ்தான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் படத்தை அச்செடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

சொல்லை யார் தேர்ந்தெடுக்கிறது? எப்படிப்பட்ட சொல் நல்லா வேலை செய்யும்?

பழைய அச்சார் போத்தல் ஒன்றில் ஆளுக்கு ஐந்து சீட்டு எழுதிப் போட்டிருக்கிறோம். வாரம் ஒருவர் முறை வைத்து எடுப்பார். பிடிக்கவில்லை என்று திரும்பப் போடக் கூடாது.

“அன்பு”, “அமைதி”, “வாழ்க்கை” போன்றவை சரிப்படாது. எதை எடுத்தாலும் பொருந்தும் என்பதால் யாரும் எதையும் தேட மாட்டார்கள். கண்ணால் பார்க்க முடிகிற, ஆனால் ஒரே பொருளில் அடங்காத சொல்லாக இருக்க வேண்டும். “ஆறு” நன்றாக வந்தது: கிராந்த் ரிவியேர் நதி, எண் ஆறு, ஆறிப்போன தேநீர். “படி”யும் “நூல்”லும் அப்படித்தான். “கால்” சொன்னபோது ஒருவர் கால் பங்கு வெட்டிய பலாப்பழத்தை அனுப்பினார். ஒரே பொருள் உள்ள சொல்லும் சில சமயம் நல்ல வேலை செய்யும். ஈரம், விளிம்பு, மிச்சம் மூன்றும் எங்கள் ஆல்பத்தில் நிறைந்த வாரங்கள்.

போன வருஷம் எடுத்த படம் ஒண்ணு சரியா பொருந்துது. அனுப்பலாமா?

வேண்டாம். அந்த வாரம் எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய படத்தை அனுப்பினால் போனுக்குள் தேடியிருப்பீர்கள், வெளியே தேடியிருக்க மாட்டீர்கள்.

ஆனால் பழைய படம் ஒன்றை ஒரு பொருளாக வைத்துப் புதிதாக எடுக்கலாம். “முகம்” வந்த வாரம் ஒரு நண்பர் செய்தது இது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்த பிறகும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று 1867 சட்டம் சொன்னது. காட்ட முடியாதவரைத் திரிபவர் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். அந்தக் காலத்துப் பதிவேடுகளும் படங்களும் மொகாவில் மகாத்மா காந்தி நிறுவன ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. நண்பரிடம் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா படத்துக்கு ஒரு நகல் இருந்தது. அதைத் தன் மகளின் உள்ளங்கையில் வைத்து எடுத்தார். தாத்தா கேமராவைப் பார்த்து விறைத்துப்போய் நிற்கிறார். பிடிப்பதற்காக எடுத்த படம் அது. அதைச் சுற்றிப் பத்து வயதுப் பெண்ணின் விரல்கள். அந்த ஞாயிறு பேச்சு சாயங்காலம் வரை நீண்டது.

வேலை, பிள்ளைங்க, சமையல்னு ஓடுறேன். இதுக்கு நேரம் எங்கே?

படம் எடுக்கப் பத்து நிமிஷம் போதும். சொல்லை ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவிடுங்கள். பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அது மனதில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் விட்டுப்போனால் போனதுதான், அடுத்த வாரம் சேர்த்து இரண்டு அனுப்ப வேண்டாம். கடன் மாதிரி சேர்ந்தால் விட்டுவிடத் தோன்றும்.

இந்தச் சின்னத் தீவுல வருஷம் 52 படத்துக்கு என்ன இருக்கு?

தீவு 1,865 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் போர்ட் லூயியில் வெயில் கொளுத்தும் நாளில் மெட்ரோ ஏறி மேட்டுநிலத்துக் கியூர்பிப்பில் இறங்கினால் தூறலும் மூடுபனியும். குளிர்மாதங்களில் கரும்பு பூத்து வயல் முழுக்க வெள்ளி நிறத்தில் அசையும், அப்புறம் அறுவடை வந்தால் அதே இடம் வெட்டவெளியாகிவிடும். வருஷக் கடைசியில் மயிற்கொன்றை சிவக்கும், லிச்சிக் கொத்துகள் தெருவோரம் தொங்கும். புயல் எச்சரிக்கை வந்தால் ஜன்னலுக்குப் பலகை அடிப்பார்கள்.

எதுவும் தோன்றவில்லை என்றால் நம் மொரீஷியஸ் நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். இங்கே அரசியல் தலைவராக இருந்த தமிழர் ரெங்கநாதன் சீனிவாசன் முகம் இருக்கும், தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். “எழுத்து” வந்த வாரம் கடைக்காரர் ஒருவர் மடித்து மடித்துக் கிழியப்போகும் தாளில் அந்தத் தமிழ் எழுத்தை மட்டும் நெருங்கி எடுத்து அனுப்பினார். தினமும் கைமாற்றுகிற தாளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

யூடியூப்ல வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் மென்மைன்னு சொல்றாங்க. எங்க வீட்டு வடக்கு ஜன்னல்ல வெயில் சுடுதே?

நீங்கள் பார்த்ததுதான் சரி. அந்த வீடியோக்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு. அங்கே சூரியன் தெற்கு வானத்தில் போகும், அதனால் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருபது பாகையில் இருக்கிறோம். நமக்குச் சூரியன் வருஷத்தில் பெரும்பகுதி வடக்கே சாய்ந்துதான் போகும். ஜூனில் உச்சிவேளையில்கூட வடக்கு வானத்தில் பாதி உயரத்தில்தான் நிற்கும். ஆகவே நமக்கு மென்மையான வெளிச்சம் தெற்கு ஜன்னல்.

நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை மட்டும் உச்சிச் சூரியன் தலைக்கு மேலே தாண்டிக் கொஞ்சம் தெற்கே போகும். அப்போது வெளியே எடுத்தால் கண்குழியிலும் மூக்கடியிலும் கறுப்பு நிழல் விழும். ஆளை வராந்தாவுக்கோ மாமர நிழலுக்கோ கூட்டி வாருங்கள். தெற்கு ஜன்னல் இல்லாதவர்கள் வெயில் விழும் ஜன்னலில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். ‘திரை’யில் சொன்ன அத்தை அதைத்தான் செய்திருந்தார்.

சாயங்கால வெளிச்சத்துல எடுக்கலாம்னு போனா, போறதுக்குள்ள இருட்டிடுது.

நம் பக்கம் சூரியன் சரிவாக இறங்காமல் செங்குத்தாக விழுவதால் அந்திவெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்காது. ஜூனில் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும், ஜனவரியில் ஏழு நெருங்கும். வேலை முடிந்து கிளம்புகிறவர்களுக்குக் காலைதான் வசதி.

வாட்ஸ்அப்ல போட்டா படம் மங்கலா போகுதே, என்ன செய்யறது?

அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அனுப்பும் முன் மேலே இருக்கும் எச்டி குறியைத் தொட்டால் கொஞ்சம் பரவாயில்லை. மூலப்படம் அப்படியே போக வேண்டும் என்றால் ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. டாக்குமெண்டாக அனுப்பும்போது படத்துக்குள் பதிந்திருக்கும் இட விவரமும் கூடவே போய்விடும். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நீக்கிவிடும். வீட்டில் எடுத்த படம், பிள்ளைகள் படம் என்றால் கேமரா அமைப்பில் இடப்பதிவை அணைத்துவிட்டு எடுங்கள்.

எல்லாருக்கும் ஒரு கைதட்டு, ஒரு “சூப்பர்” போட்டா போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் ஒரு வாரம் முழுக்கத் தேடி எடுத்தது. குறைந்தபட்சம், முதலில் உங்கள் கண் எங்கே போனது என்று சொல்லுங்கள். “அந்த ஓரத்துச் செருப்பைத்தான் முதலில் பார்த்தேன்” என்றால் எடுத்தவருக்கு அது பெரிய உதவி. அவர் முகத்தைக் காட்ட நினைத்திருப்பார், செருப்பு இழுத்துக்கொண்டு போயிருக்கும். கேட்காமல் குறை சொல்ல வேண்டாம். கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

முதல் வருஷம் ஆறு மாதம் ஓட்டுப் போட்டு ‘வாரத்தின் சிறந்த படம்’ தேர்ந்தெடுத்தோம். போன வாரம் எது ஜெயித்ததோ அதே மாதிரி எல்லோரும் எடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் படம் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். ஓட்டை விட்டோம், அவர்கள் திரும்பி வந்தார்கள்.

காவடி அன்னைக்குப் படம் எடுக்கலாமா? அலகு குத்தினவங்களை?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தைப்பூசக் காவடி இங்கே பொது விடுமுறை. தெரு நிறைய ஆட்கள், கையில் கேமராவோடு சுற்றுலா வந்தவர்களும் இருப்பார்கள். ஆனால் காவடி எடுப்பவர் பத்து நாள் விரதம் இருந்து வந்திருக்கிறார். நாவிலும் கன்னத்திலும் வேல் தரித்தவரால் “வேண்டாம்” என்று வாய் திறந்து சொல்ல முடியாது. அதனால் அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே போனை நீட்டுவதை எங்கள் குழு ஏற்றுக்கொள்வதில்லை. எடுக்க வேண்டுமென்றால் விரத நாட்களிலேயே அவரிடம் கேட்டு வையுங்கள். வேல் குத்தும் இடத்தில் அவர் சம்மதித்தாலும் வேண்டாம், அங்கே பக்கத்தில் சம்மதம் சொல்லாத இன்னொருவர் நிற்பார்.

எடுக்க வேறு எவ்வளவோ இருக்கிறது. வெந்த தாரில் வெறுங்காலோடு நடப்பவருக்காக வீட்டு வாசலில் குழாய் பிடித்துத் தண்ணீர் விடும் கிழவி. விடியற்காலையில் காவடிக்குப் பூக் கட்டும் அண்ணன் தம்பிகள். மலை ஏறி முடிந்ததும் பால் செம்பைத் திறக்கும் நொடி. பால் திரியாமல் இருந்தால் விரதம் ஏற்கப்பட்டது என்பது நம்பிக்கை. அந்தச் செம்புக்குள் எட்டிப் பார்க்கும் அம்மாவின் முகத்தை ஒரு நண்பர் எடுத்திருக்கிறார், அவர் எடுத்தது தன் சொந்த அம்மாவை. தீமிதிக்கும் இதே விதிதான்.

அப்போ சந்தையில, தெருவுல இருக்கிறவங்களை எடுக்கிறது?

மேலே சொன்னதுதான்: வாய் திறந்து மறுக்க முடிகிறவரிடம் முதலில் கேளுங்கள். போர்ட் லூயி சந்தையில் காய்கறி விற்பவரிடம் ஏதாவது வாங்கிவிட்டு, “தாந்தி (அத்தை), ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். மறுத்தால் அவருடைய தராசை, கையை, கூடையை எடுக்கவும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அடுத்த வாரம் போகும்போது ஒரு அச்சுப்படம் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்தவர் பிள்ளைகளை, பெற்றவர் பக்கத்தில் இல்லாமல் எடுக்கவே வேண்டாம்.

எடிட் பண்ணலாமா? ஏஐ?

வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம் குறைக்கலாம், கறுப்புவெள்ளை ஆக்கலாம். இல்லாததைச் சேர்க்கவும் இருந்ததை அழிக்கவும் கூடாது. ஏஐயிடம் சொல்லி வரவைத்த படம் இதில் சேராது. அந்த வாரம் நீங்கள் பார்த்தது எங்கே அதில்?

அம்மா போன வாரம் தவறிட்டாங்க. இந்த வாரச் சொல் “மாலை”. எனக்கு வேற எதுவும் தோணலை. அனுப்பினா எல்லாருக்கும் சங்கடமா இருக்குமோ?

அனுப்புங்கள். முகத்தைக் காட்ட மனமில்லை என்றால் காட்ட வேண்டாம். கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்ற விதி இப்படிப்பட்ட வாரத்துக்குப் பொருந்தாது. கருத்துச் சொல்லும் விதியும் பொருந்தாது. நாங்கள் பார்த்துவிட்டோம் என்று மட்டும் சொல்வோம்.

இதைக் கேட்டவர் ஒரு படம் அனுப்பினார். ஆணியில் தொங்கும் வாடிய சாமந்தி மாலை, அதன் மேல் மேற்கு ஜன்னலிலிருந்து விழும் மஞ்சள் வெயில். இரண்டு மாலையும் அதில் இருந்தது. அந்த ஞாயிறு குழுவில் யாரும் வேறு படத்தைப் பற்றிப் பேசவில்லை. சாயங்காலம் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

வருஷம் முடிஞ்சதும் இந்தப் படங்களை என்ன செய்வீங்க?

ஒவ்வொருவரும் தன் படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து 10×15 செ.மீ. அளவில் அச்செடுப்போம். டிசம்பரில் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் துணிக்கொடி கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். ஏழு கறியோடு வாழையிலைச் சாப்பாடு. போனில் பார்த்த படம் கொடியில் காற்றில் ஆடும்போது வேறாகத் தெரிகிறது. மூலப்படங்களை வேறொரு வன்தட்டில் கட்டாயம் நகல் எடுத்து வையுங்கள். எங்களில் ஒருவருக்கு போன் தொலைந்து இரண்டு வருஷப் படம் போனது. குழுவில் தங்கியிருந்த சுருங்கிய பிரதிகள்தான் மிச்சம்.

எங்க நண்பர்களோட தனியா ஆரம்பிக்கணும். எத்தனை பேர் வேணும்?

நாலு பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் எல்லாப் படத்தையும் நின்று பார்க்க முடியாது. ஒருத்தராவது உங்களைவிட இருபது வயது மூத்தவராக இருக்கட்டும், சொற்கள் அவரிடம்தான் இருக்கும். முதல் சொல் வேண்டுமானால் இந்த வாரம் எங்கள் போத்தலிலிருந்து வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்: “கரை”. சனி இரவு பத்து மணி வரை நேரம் இருக்கிறது.